மஞ்சள் சுடர்

நவம்பர் 3, திங்கள்

முழங்கை முடி பொசுங்கிவிட்டது. நல்லவேளை, தோல் தப்பியது.

யாரோ வீடு மாறும்போது சும்மா கொடுத்தார்களாம், அந்தப் பழைய கேஸ் ஓவனை இவர் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் திருகைத் திறந்துவிட்டு, அப்புறம்தான் தீப்பெட்டி எங்கே என்று தேடினேன். தேடியெடுத்து உரசினேனோ இல்லையோ, டப்! சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

"முதல்ல குச்சியைக் கொளுத்து, அப்புறம் கேஸைத் திற. இதுகூடவா தெரியாது?" என்றார் இவர். தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை.

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவருடைய தங்கை. எட்டு மாத வயிறு, கணவர் கப்பலில், பிரசவம் வரை எங்களோடுதான். "அண்ணி, பயந்துக்கிட்டு பன் போடாம விட்டுடாதீங்க. எனக்கு வேற எதுவும் தொண்டையில இறங்கல." அவளுக்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம்.

நவம்பர் 5, புதன்

மழை. பேய்க்காற்று. பாதியில் காற்று புகுந்து தீயை அணைத்துவிட்டால்? அணைந்தது தெரியாமல் கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தால்? சமையலறை ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன். பின்கதவு இடுக்கில் பழைய துண்டைத் திணித்தேன்.

வெண்ணெய் சொட்டி அடியில் தீப்பிடித்தால்? அதற்கும் வழி செய்தாயிற்று. ஓவனின் அடித்தட்டு முழுக்க, ஓர் ஓட்டை பாக்கியில்லாமல், அலுமினியத் தாளை விரித்தேன். பளபளவென்று இருக்கிறது. இவரைக் கூப்பிட்டேன். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். போகட்டும். பயந்தவள்தான் பிழைப்பாள்.

சின்னவளின் அறை சமையலறையை ஒட்டியது. சூடு இதமாக இருக்கிறதாம், நடுக்கதவைத் திறந்துவைத்துக்கொண்டே படுக்கிறாள்.

நவம்பர் 8

பன் நன்றாக வந்தது. தலைவலி.

நவம்பர் 10, திங்கள்

ஓவனில் தீ மஞ்சளாக ஆடுகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கதவுக் கண்ணாடியில் கரி படிகிறது, தினமும் துடைக்கிறேன்.

சின்னவளுக்கும் தலைவலி, குமட்டல். "மாசம் ஏற ஏற அப்படித்தான்" என்கிறார் பக்கத்து வீட்டம்மா. எனக்கு என்ன மாசம்? ரப்பர் குழாய் நெடுக சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. மூலை மூலையாக மோந்து பார்த்தேன். கேஸ் வாசனை இல்லை. பிறகு எதற்கு இந்தத் தலைவலி?

நவம்பர் 12

கடைக்கு நடந்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் தலைவலி போயே போய்விட்டது. வந்து ஓவனைப் பற்றவைத்தேன், அரைமணியில் மறுபடி மண்டையிடி. இவரிடம் சொன்னேன். "உனக்கு எதைப் பார்த்தாலும் பயம்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எதற்கெடுத்தாலும் ஐயோ என்று அலறுகிறவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

நவம்பர் 13, வியாழன்

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சின்னவளை எழுப்பினேன். எழவில்லை. உலுக்கினேன். "தூக்கம் வருது அண்ணி, விடுங்க." நிற்கவைத்தால் கால் துவள்கிறது. ஐயோ, என்னம்மா ஆச்சு உனக்கு! எனக்கும் தலை சுற்றியது. எப்படித்தான் இழுத்தேனோ, வாசல்படியில் மழையில் உட்காரவைத்துவிட்டு, திரும்ப ஓடிப்போய் ஓவனை அணைத்தேன்.

மூக்கில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். விஷப்புகையாம். ஏதாவது மூடின இடத்தில் கேஸ் எரிந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். ஆமாம் என்றேன். குழந்தைக்கு நெஞ்சுத்துடிப்பு இருக்கிறது. இருக்கிறது. இருக்கிறது. "ஆனா இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது" என்கிறார்.

நவம்பர் 14

ஓவன் மெக்கானிக் வந்தார். கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரும்மா இந்தத் தாளை விரிச்சது? இந்த ஓட்டை வழியாத்தான் காத்து போகணும். அதை அடைச்சு, ஜன்னலையும் அடைச்சா எப்படி எரியும்? தீ நீலமா இருக்கணும். மஞ்சளா ஆடினா அரைகுறையா எரியுதுன்னு அர்த்தம்."

"வாசனையே வரலையே..."

"கசியிற கேஸுக்குத்தான் வாசனை. இந்தப் புகைக்குக் கிடையாது."

இவர் சொன்னார்: "ஓவனைக் கொடுத்தவங்க விரிச்சிருப்பாங்க." நான் வாயைத் திறக்கவில்லை. பாவி. வாயைத் திறக்கவே இல்லை.

நவம்பர் 15, சனி

டாக்டரம்மா, "இந்தப் புகை ஒரு நாள்தானா, பல நாளா? குழந்தைக்காகக் கேக்கறேன்" என்றார். இவர், "அன்னிக்கு ஒரு நாள்தான்" என்றார்.

சொன்னால் இந்த வீட்டில் என் முகத்தில் யார் விழிப்பார்கள்? சொல்லாவிட்டால், அந்தக் குழந்தை?

சொல்லிவிட்டேன். "ஒன்பது நாள். தாளை விரிச்சது நான். ஜன்னலை அடைச்சதும் நான்."

இவர் தரையைப் பார்த்தார். சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டாக்டரம்மா இன்னொரு ஸ்கேனுக்கு எழுதினார்.

நவம்பர் 22

சின்னவள் இங்கே வரவில்லை. இவருடைய அக்கா வந்து தன் வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார். குழந்தையின் அசைவைத் தினமும் எண்ணச் சொல்லியிருக்கிறார்களாம். இன்று எத்தனை? எந்த முகத்தோடு கேட்பேன்?

டிசம்பர் 1

ஓவனைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார் இவர். வேண்டாம் என்றேன். மெக்கானிக் சுத்தம் செய்துகொடுத்ததைப் பற்றவைத்தேன். ஜன்னல் திறந்து, குச்சி முதலில், கேஸ் பிறகு. தீ நெடுகப் பிடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன். நீலம். உள்ளே எதுவும் வைக்கவில்லை. ஒரு மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி

காலையில் போன். சின்னவளின் எண். ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. எடுக்கப் பயந்து அடிக்கவிட்டேன். நின்றது. மறுபடி அடித்தது.

"அண்ணி." பின்னால் வீல் வீலென்று ஒரு சத்தம். "பொண்ணு. நேத்து சாயங்காலம். எல்லா டெஸ்டும் பாத்துட்டாங்க. நல்லா இருக்காளாம்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அண்ணி, இருக்கீங்களா? கத்திக்கிட்டே இருக்கா, பசிக்குது போல. வச்சிடட்டுமா?"

"வைக்காதே" என்றேன். "இன்னும் கொஞ்சம் அழட்டும். நான் கேட்டுக்கறேன்."

அழுகை இன்னும் பக்கத்தில் கேட்டது. போனைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோயிருக்கிறாள்.