நெஞ்சு வீங்கியதும் தாடை உடைந்ததும்

அன்பு மகளுக்கு, பெறாமலே உன்னை வளர்த்த சித்தப்பா உயிரோடுதான் இருக்கிறேன், அதுவே பெரிய சேதி. நீயும் மருமகனும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

உன் சித்தி போனில் ‘வழுக்கி விழுந்துட்டாரு’ என்றது பச்சைப் பொய். நான் விழவில்லை, ஒருவனை விழவைத்தேன். இதயம் பலவீனம், காலில் நீர் கோர்க்கிறது என்று ஆறு மாதம் முன்பு டாக்டரம்மா ஒரு மாத்திரை கொடுத்தாள் அல்லவா, கால் வற்றியது, நெஞ்சு வீங்கியது. இரண்டு காம்புக்குப் பின்னாலும் கோலிக்குண்டு மாதிரிக் கட்டி, சட்டை உரசினால் ஆயிரம் தேள் கொட்டும். நாற்பது வருடம் கறி வெட்டியவன் இதை யாரிடம் சொல்வான்? சித்தியிடமே மறைத்தேன். மாத்திரைதான் காரணம் என்று நானே கண்டுபிடித்து, உலகமகா மேதை போல அத்தனையையும் கழிவறையில் கொட்டினேன். மூன்றாம் வாரம் படியேறினால் மூச்சு வாங்கியது. அப்போதுதான் உடை மாற்றும் அறையில் தாடிக்காரன் என்னைச் சட்டையில்லாமல் பார்த்துவிட்டான், இருபது வருடமாக என்னோடு ஒரே மேசையில் வெட்டுகிறவன். ‘என்னண்ணே, அண்ணிக்கு ஜாக்கெட் தைக்கிறப்ப உங்களுக்கும் அளவு குடுத்துட வேண்டியதுதானே’ என்றான். பக்கத்துக் குளிர் அறைக்குள் பாய்ந்து, கொக்கியில் தொங்கிய உறைந்த ஆட்டுத்தொடையை உருவினேன், ஒரே வீச்சு. பூமி அரை அங்குலம் நகர்ந்தது. மூன்று பல் தரையில் உருண்டன. அவனும் சும்மா விடவில்லை, என்னை எடைமேடை மேல் சாய்த்து வயிற்றில் முழங்காலால் இடித்தான், நான் அவன் காதைக் கடித்தேன், ஆறு பேர் பிரித்தார்கள், அறுநூறு என்று வைத்துக்கொள். ஆனால் ஒன்று மகளே, கத்தி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, என் கை அதன் பக்கம் போனது. அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

அப்புறம் எனக்கு மூச்சே நின்றது, நுரையீரல் முழுக்கத் தண்ணீராம். டாக்டரம்மா கிழித்துவிட்டாள், ‘மார்ல வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திரைய மாத்தியிருப்பேனே, உயிரையா விடுவீங்க’ என்று. எல்லா ஆணுக்குள்ளும் இரண்டு ஹார்மோனும் உண்டாம். இந்த மாத்திரை ஆண் ஹார்மோனை அடக்க, பெண் ஹார்மோன் கை ஓங்கி, மாரில் சுரப்பித் திசு வளர்ந்துவிட்டதாம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் ஆயிற்று, புற்று இல்லை. வேறு மாத்திரை தந்திருக்கிறாள், சில மாதத்தில் வற்றுமாம்; வருடக்கணக்கில் விட்டு இறுகியிருந்தால் கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டுமாம்.

தாடிக்காரன் தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். காகிதத்தில் எழுதி அனுப்பினான், ‘இதவிட மோசமால்லாம் கிண்டல் பண்ணியிருக்கோம், அப்பல்லாம் சிரிச்சீங்க. இப்ப ஏன் அடிச்சீங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, போலீஸ்ல குடுத்த புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்’ என்று. அதற்கு ஜெயிலே மேல் என்றேன். ‘அங்கயும் சட்டையக் கழட்டச் சொல்லுவாங்க’ என்றாள் உன் சித்தி.

திங்கட்கிழமை சொல்லப்போகிறேன். அதற்கு ஒத்திகைதான் இந்தக் கடிதம், நான்கு தாள் கிழித்தாயிற்று. சிரிப்பார்கள், சிரிக்கட்டும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி, பல்லெல்லாம் வரிசையாக முளைக்கட்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது மாத்திரையை நிறுத்தத் தோன்றினால் முதலில் டாக்டரிடம் கேட்கச் சொல்.

மாரில் வலியும் வயிற்றில் பயமுமாக,
உன் சித்தப்பா