மேலே ஏறும் நாலு சுரம்

மார்ச் 4, செவ்வாய்

ஒத்திகை ரத்து. எங்கள் ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற கோல்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். கோல் பிடிக்கத் தொண்டை எதற்கு என்று டபுள் பாஸ் வாசிக்கிற பெரியபெட்டி கேட்டார். எங்களைத் திட்ட வேண்டாமா, அதற்குத்தான் என்றேன். அந்தப் பெட்டியோடு அவர் லிஃப்டில் ஏற, வழக்கம்போல நான் படியில் இறங்கினேன்.

கிடைத்த நேரத்தில் ரீமிக்ஸ் வேலையைத் தொடங்க வேண்டும். பழைய வீடியோ கேம் ஏதாவது ஒன்றின் இசையை முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி அனுப்பச் சொல்லி இளசுகளுக்கு அறிவித்திருந்தோம். தேறுகிற ஒன்றை ஏப்ரல் கச்சேரியில் வாசிப்போம். கேட்டுக் கருத்து எழுத மூன்று பேர்: கோல்காரர், பெரியபெட்டி, நான். அனுப்பியவர் பெயர் எங்களுக்குத் தெரியாது, வெறும் எண்தான். நல்ல ஏற்பாடு. தெரிந்தவர் பிள்ளை, தெரியாதவர் பிள்ளை என்ற பேச்சே இல்லை.

மார்ச் 5, புதன்

இன்று கேட்டதில் ஒன்று அக்காவுடையது.

கேமின் பெயரைப் பார்த்ததுமே கை நின்றுவிட்டது. தண்ணீரில் மூழ்கிய நகரத்துக்குள் ஆட்டக்காரன் நீந்திப் போகிற கட்டம். அந்த இசையை அக்கா எழுதியது நாங்கள் இருவரும் படுக்கிற அறையில், என் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நெருக்கிப் போட்ட கம்ப்யூட்டரில். கம்பெனி அவள் பெயரைக்கூடப் போடவில்லை. கேம் கடைக்கு வந்தபோது அதைக் கேட்க அவளும் இல்லை. காய்ச்சல் என்று படுத்தவள், இருபத்தாறு வயதில், எழுந்திருக்கவே இல்லை.

சரி, யாரோ ஒரு பிள்ளை அதை எடுத்திருக்கிறது, எடுக்கட்டும் என்றுதான் கேட்டேன். முதல் சுற்று நன்றாகவே இருந்தது. இரண்டாம் சுற்றில் என் வாத்தியம், கிளாரினெட், உள்ளே வந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

அந்த வரி கேமில் கிடையாது. இருக்கவும் முடியாது. அந்தக் காலத்து கேமில் ஒரே நேரத்தில் மூன்று குரல்தான் ஒலிக்கும். அக்கா நான்காவதாக ஒன்று வைத்திருந்தாள், இடமில்லை என்று எடுத்துவிட்டாள். எடுத்த பிறகும் வாயால் பாடிக்கொண்டே இருப்பாள். எழுதி வைக்கவில்லை, பதிவும் இல்லை. உலகத்தில் அது இருக்கிற ஒரே இடம் என் தலை. நானாவது எழுதியிருக்கலாம். எழுதினால் அது வெறும் சுரமாகிவிடும், அவள் குரல் போய்விடும் என்று ஒரு பைத்தியக்காரத்தனம்.

இப்போது அதை எனக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். எப்படி?

கடைசி நாலு சுரம் மட்டும் வேறு. அக்காவுடையது கீழே இறங்கி நிற்கும். இது மேலே ஏறுகிறது.

மார்ச் 6, வியாழன்

ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தத்தில்கூட அதுதான் கேட்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

அம்மாவிடம் போனில் கேட்டேன். அக்கா அந்த கேம் பாட்டோடு கூடவே ஒன்று பாடுவாளே, ஞாபகம் இருக்கிறதா என்று.

"அவ எங்கடி பாடினா? பொட்டி முன்னாடி உக்காந்து டொய்ங் டொய்ங்னு தட்டிக்கிட்டு இருப்பா. சாப்பிடக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டா." பிறகு குரல் தணிந்தது. "இப்ப எதுக்கு அதெல்லாம்?"

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

பாடினாள். பாடினாளா? நானாகக் கற்பித்துக்கொண்டதா? இல்லவே இல்லை. பரீட்சைக்குப் படிக்க விடாமல் பாடுகிறாள் என்று அவள் மேல் தலையணையை வீசியிருக்கிறேன். அவள் அதைப் பிடித்து முதுகுக்கு வைத்துக்கொண்டு தொடர்ந்து பாடினாள். அது பொய்யா?

மார்ச் 12, புதன்

கருத்து எழுதிவிட்டேன். பெரும்பாலும் நியாயமாகவே.

ட்ரம்பெட்டும் டிராம்போனும் சேர்ந்து மெட்டை அமுக்குகின்றன, பாதியாகக் குறைக்கவும். வயலின்கள் முதலிலிருந்து கடைசிவரை ஓயவே இல்லை, அவர்களும் மனிதர்கள்தான். கிளாரினெட்டுக்கு மூச்சு விட இடமே இல்லை. இதை வாசித்தால் பாதியில் மயங்கி விழுவேன். நகரம் தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஹார்ப்பை மட்டும் விட்டது அபாரம், அதைத் தொடாதே.

கடைசியாக: 'கிளாரினெட் வரியின் கடைசி நாலு சுரம் கீழே இறங்க வேண்டும்.' ஏனாம்? அதற்கும் ஒரு இசைக் காரணத்தை ஒட்டவைத்தேன். படிக்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் தெரியும். எனக்குத் தெரியாதா?

மூவருக்கும் இதுதான் பிடித்திருக்கிறது. திருத்தி அனுப்பினால் இதையே வாசிப்போம்.

மார்ச் 20, வியாழன்

திருத்தி வந்துவிட்டது, பெயரோடு. பெண். வயது பத்தொன்பது. சொன்னதையெல்லாம் செய்திருக்கிறாள், ஒன்றைத் தவிர.

'மூச்சு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குவதில்லையே, மன்னிக்கவும். கடைசி நாலு சுரத்தை மட்டும் மாற்றவில்லை. இறக்கிப் பார்த்தேன். இறக்கினால் முடிந்துபோனதாகக் கேட்கிறது. ஆட்டக்காரர் இன்னும் உள்ளே நீந்திக்கொண்டுதானே இருக்கிறார்?'

பத்தொன்பது வயசுக்கு என்ன திமிர்! படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பத் திரும்பக் கேட்டேன். சரியாகத்தான் சொல்கிறாள். அதுதான் இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 2, புதன்

முதல் ஒத்திகை. அந்தப் பெண் வந்திருந்தாள். ஒல்லி. கடைசி வரிசையில் உட்கார்ந்து சட்டைக்கை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

என் வரி வந்தது. நன்றாகப் போயிற்று. கடைசியில் விரல்கள் கீழே இறங்கின. கோல்காரர் நிறுத்தினார். பின்னாலிருந்து அவள் எழுந்தாள். "ஸாரி மேடம்... அது மேல போகணும்." தெரியும் என்றேன். மறுபடி வாசித்தேன், மறுபடி இறங்கியது. வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாக இல்லை. தாளில் ஏறுகிறது, கண் ஏறுகிறது, விரல் மட்டும் அக்கா பக்கம் போய்விட்டது.

"என்னம்மா, பேய் கீய் புடிச்சிருச்சா?" என்றார் பெரியபெட்டி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இடைவேளையில் படிக்கட்டில் அவளைப் பிடித்தேன். அந்த வரி எப்படி வந்தது என்று கேட்டேன்.

"நான் எங்க மேடம் எழுதினேன்? அது அங்கயேதான் இருந்துச்சு. மத்த மூணும் ஒதுங்கி ஒதுங்கிப் போகுது, கவனிச்சீங்களா? நடுவுல ஒரு ஆள் நிக்கிறாங்க, அவங்களைச் சுத்திப் போற மாதிரி. அந்த ஆள் யாருன்னு கண்டுபிடிச்சேன், அவ்வளவுதான்."

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். சொல்லிவிட்டேன். அக்காவை, அறையை, எடுத்த வரியை, இறங்குகிற சுரத்தை, எல்லாவற்றையும்.

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "அய்யய்யோ. அப்ப அவங்களோடதையே வெச்சிடலாம் மேடம். இறக்கிடறேன். இப்பவே." பென்சிலை எடுத்துவிட்டாள்.

நாலே நாலு சுரம். ஊருக்கு முன்னால், அக்கா பாடினபடியே, என் மூச்சில். சரி என்று வாய்வரை வந்துவிட்டது.

"இறக்கினா உனக்கு எப்படிக் கேக்கும்?" என்றேன்.

"அவங்க நினைச்சது சரியாத்தான் இருக்கும்."

"அதைக் கேக்கல. உன் காதுக்கு."

தலையைக் குனிந்துகொண்டாள். "...முடிஞ்சுபோன மாதிரி."

"அப்ப பென்சிலை உள்ள வை."

நேரே பாத்ரூமுக்குப் போய் அழுதேன். நல்ல வேளை, யாரும் வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

ஏன்டி அப்படிச் சொன்னாய்? கையில் வந்ததைத் தட்டிவிட்டு என்ன பெரிய தியாகம்?

தியாகமெல்லாம் இல்லை. பாவம் பார்த்து அந்தப் பெண் தருவதை வாங்கி அக்காவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அக்காவே இருந்திருந்தால் முதலில் சண்டை போட்டிருப்பாள், அப்புறம் இன்னொரு தடவை கேட்டிருப்பாள்.

மேலே ஏறப் பழகிக்கொண்டிருக்கிறேன். கை கேட்க மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 9, புதன்

பத்தில் எட்டு தடவை ஏறுகிறது.

ஏப்ரல் 12, சனி

வாசித்தேன். ஏறியது.

ஏறுவதற்கு முன் மூச்சு எடுத்தபோது, இடது தோளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி மூச்சு எடுத்தாள். அந்தப் பக்கம் எனக்கு நாற்காலியே கிடையாது. பயம் வரவில்லை. அடுத்த சுரத்தில் கவனம் இருந்தது.

கைதட்டல் நிற்கவில்லை. அந்தப் பெண்ணை மேடைக்குத் தள்ளினோம். கூட்டத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். நிகழ்ச்சித் தாளில் தன் பெயருக்கு மேலே அக்கா பெயரை முழுசாகப் போட வைத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கழுதை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பாட ஆரம்பித்தாள். வழக்கம்போல, தலைக்குள். கடைசி நாலு சுரம் மேலே போயிற்று.

தேய்ப்பதை நிறுத்தினேன். மறுபடி முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். மேலேதான்.

கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கிளாரினெட்டை எடுத்து இறக்கி வாசித்தேன். விரலுக்கு மறக்கவில்லை, சுரமெல்லாம் சரியாக வந்தது. அவள் குரல் மட்டும் அதில் இல்லை. எத்தனை தடவை வாசித்தாலும் வெறும் கிளாரினெட்தான்.

சமையலறைக்குத் திரும்பிக் குழாயைத் திறந்தேன். அவளே பாடினாள், அதே குரலில். மேலே.