மஞ்சள் கோட்டுக்கு வலப்பக்கம்

ரேகன்ஸ்பர்க்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? பனி தள்ளும் வண்டியில் ஏறாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்? நான் நலம்.

காரின் மின்கம்பிகளில் எங்கள் சிறு கணினியைச் செருகி, சாலைக் கோடுகளைப் பார்த்து அதுவே ஓட்டும்படி செய்கிறோம் அல்லவா? செவ்வாயன்று சாலை வேலை நடக்கும் இடத்தில் அது ஓரத்துத் தடுப்புகள் பக்கம் திரும்பிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துவிட்டேன். ஒரு பிளாஸ்டிக் தடுப்புதான் நசுங்கியது.

தவறு என்னுடையது. நம் நார்வேயில் மஞ்சள் கோடு நடுவில்தானே இருக்கும்! அதற்கு வலப்பக்கமே போகும்படி கணினி நிரலில் ஒரு வரி எழுதியிருந்தேன். இங்கே ஜெர்மனியிலோ வேலை நடக்கும் இடத்தில் இரண்டு ஓரமும் மஞ்சள்தான். வலது கோட்டைக் கண்டதும் கார் அதற்கும் வலப்பக்கம் போகப் பார்த்தது.

“யாரு உனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தது?” என்று கூட வேலை செய்யும் ஊவே சிரித்தான்.

“எங்கப்பா.”

அவன் நசுங்கிய தடுப்பை ஓரமாக எடுத்து வைத்தான். “நல்லாத்தான் கத்துக்குடுத்திருக்காரு. ரோடுதான் வேற” என்றான்.

நிரலில் இருந்த அந்த வரியை நேற்று அழித்தேன். பதினாறு வயதில் நான் ஓட்டக் கற்றபோது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதை முதன்முறையாக மீறியதுபோல் இருந்தது.

நம் ஊர்ப் பழுப்புப் பாலாடைக்கட்டி ஒன்று அனுப்புங்கள். ஊவே கூப்பிடுகிறான், மறுபடி ஓட்டிப் பார்க்கவேண்டும். ஞாயிறன்று போனில், “மஞ்சக் கோட்டத் தாண்டாதடி” என்று ஒருமுறை சொல்லுங்கள், அப்பா.

உங்கள் யோருன்