மாடிப்படிக்கு வந்த மலைப்பாதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், உங்கப்பாவும் நலம், அவருடைய புத்திதான் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆயுசெல்லாம் அரசு அலுவலகத்தில் லிப்ட் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன், முக்குக் கடைக்குக்கூட ஆட்டோ கூப்பிடுகிறவர், டாக்டர் நடக்கச் சொன்னார் என்று வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றில் ஏற ஆரம்பித்தார். துணைக்கு நம் தெரு முடிதிருத்துபவரும் எதிர்வீட்டு டீச்சரம்மாவும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மழையில் பாதை சரிந்ததும் உங்கப்பா வேலை பார்த்த அதே அலுவலகத்து ஆட்கள் வந்து, யாரும் ஏறக் கூடாது என்று குறுக்கே கயிறு கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். உங்கப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார், சோறு இறங்கவில்லை, சர்க்கரை மட்டும் ஏறியது.

கடைசியில் மூவருமாகப் போய், பாதையைச் சரிசெய்ய நிதி ஒதுக்குங்கள் என்று அதிகாரியிடம் கேட்டார்கள். அவர், "ஜனங்க நடந்தாத்தாங்க அது பாதை. இப்ப அங்க யாருமே நடக்கறதில்ல, அப்ப பாதையே இல்ல. இல்லாத பாதைக்கு எப்படி நிதி ஒதுக்குறது?" என்றாராம். நடக்கக் கூடாதென்று கயிறு கட்டியதே நீங்கள்தானே என்று டீச்சரம்மா கேட்டதற்கு, "கயிறு வேற செக்‌ஷன்மா" என்றாராம்.

இவர்கள் விடவில்லை, கேட்டுக் கேட்டு எட்டாவது மாடியில் ஒரு கூட்டம் வைக்கச் செய்தார்கள். அன்றைக்கென்று பார்த்து லிப்ட் நின்றுவிட்டது. (உங்கப்பா கைவரிசையோ என்று எனக்குச் சந்தேகம், என் தலையில் கைவைத்து இல்லை என்றார்.) குன்றேறிப் பழகியவர்கள் விறுவிறுவென்று போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அதிகாரியைத்தான் காணோம். தேடி இறங்கினால் பாதி வழியில் படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாராம். முடிதிருத்துபவர் துண்டால் விசிற, "இங்க ஒரு பெஞ்ச் வேணும்யா, பிடிச்சுக்கக் கம்பி வேணும், குடிக்கத் தண்ணி வேணும், இன்னும் எவ்வளவு தூரம்னு சொல்ல ஒரு போர்டு வேணும்" என்று புலம்பினாராம். உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "இதத்தான் சார் நாங்களும் கேக்குறோம்" என்றிருக்கிறார். மனுஷன் அங்கேயே, அத்தனையும் வேண்டுமென்று எழுதி முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆனால் வேலை எங்கே நடந்தது தெரியுமா, மாடிப்படியில்! மாடிக்கு மாடி பெஞ்ச், கைப்பிடி, தண்ணீர், ஆறாவது மாடி ஜன்னலருகே "இயற்கைக் காட்சி முனை" என்று போர்டு வேறு, வெளியே தெரிவது பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். இவர்களும் சளைக்கவில்லை, தினமும் காலையில் கைத்தடியோடு அங்கே ஏறத் தொடங்கினார்கள், தெருவே பின்னால் சேர்ந்துகொண்டது. பெஞ்சிலெல்லாம் பிளாஸ்க், கைப்பிடியெல்லாம் காய்கிற துண்டு, உள்ளே போக வழியில்லாமல் ஊழியர்கள் வரிசையில் நின்றார்கள். அதிகாரி கைகூப்பி, "தயவுசெஞ்சு மலைக்கே போயிடுங்க" என்று குன்றுக்கு உண்மையாகவே நிதி ஒதுக்கினார்.

பாதை திறந்த அன்று உங்கப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஏறினேன். உச்சியில் நின்றதும் மனுஷன் அண்ணாந்து பார்த்தபடி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார், நெஞ்சு வலியோ என்று பதறிப்போனேன். "இல்லடி, இத்தன வருஷமா ஊரையே மேல ஏத்திவிட்டேன், ஒருநாளும் வானத்தப் பாத்ததில்ல" என்றார். நான் வியர்வையைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இப்போது சர்க்கரை இறங்கிவிட்டது, வாய்தான் ஏறிவிட்டது.

நீயும் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் குந்தியிருக்காதே, கொஞ்சம் நட. இருவரும் மூச்சு வாங்காமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, இந்தத் தாளின் பின்பக்கம் என் பாதத்தைப் பென்சிலால் வரைந்திருக்கிறேன், சுண்டுவிரல் நிஜமாகவே அப்படித்தான், சிரிக்காதே. அந்த அளவில் நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கி அனுப்பு. உங்கப்பாவிடம் மூச்சு விடாதே, அவருக்கு முன்னால் போய் உச்சியில் உட்கார்ந்திருக்க வேண்டும் எனக்கு.

ஆசிகளுடன்,
உன் அம்மா