கோட்டோடு போன அண்ணை

அக்டோபர் 15, புதன் இரவு. மோர்டன்.

மத்தியானம் இங்கே வேலையில் இருந்தபோது, ஊரில் பொழுதுபட்ட நேரம், பருத்தித்துறையில் இருந்து அண்ணி போன் எடுத்தார்.

"காலமை கரைக்கு வரவேண்டியவர், பொழுதுபட்டும் வரேல்லை. உமக்கு ஏதும் சொன்னவரோ?"

இல்லை என்றேன். பொய் இல்லை. சொன்னவள் நான்.

கடலில் சூடான நீரும் குளிர் நீரும் முட்டும் கோட்டைச் செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பதுதான் என் வேலை. அந்தக் கோட்டில் மிதவையுயிர்கள் ஒதுங்கும். அவற்றைத் தின்ன மீன்குஞ்சுகள் சேரும். குஞ்சுகளைத் தேடிப் பெரிய மீன் வரும். நேற்று அண்ணை போனில், கடலுக்குப் போனால் மீனே இல்லை என்று அலுத்துக்கொண்டார்.

"கோடு கரைக்குக் கிட்டத்தான் நிக்குது. கோட்டிலை நுரை கட்டியிருக்கும், அது தெரிஞ்சால் அதோடையே போங்கோ அண்ணை."

"ஓம் பிள்ளை, போறன்."

நான் பார்த்துச் சொன்னது முந்தின நாள் படம். நேற்று முழுக்கக் கடலை முகில் மூடியிருந்தது. இன்று முகில் விலகிய படத்தில் கோடு ஆழ்கடலுக்குள் போய்விட்டது.

மீன்குஞ்சுகளுக்கு எதிர்த்து நீந்தப் பலம் கிடையாது. கோடு இழுக்கிற இடத்துக்கே போகும். அண்ணையின் படகில் இயந்திரம் இருக்கிறது, திரும்பலாம். ஆனால் திரும்பமாட்டார். தங்கச்சி படித்தவள், அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று போய்க்கொண்டே இருப்பார்.

அண்ணி திரும்ப எடுக்கிறார். போன் அடித்துக்கொண்டிருக்கிறது.