கதவோரப் பெஞ்ச்

ஜூன் 4

அன்புள்ள மருமகளுக்கு,

போனில் நீ "ம்" என்கிறாய். நான் "அப்புறம்" என்கிறேன். இப்படியே போனால் இருவருக்கும் பேச்சு மறந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

பயிற்சி தொடங்கிவிட்டது. உன்னைப் போல் குடல் அழற்சி உள்ள குழந்தைகளைக் கவனிக்கக் கற்றுக்கொள்ள வந்திருக்கும் டாக்டர்கள் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். தடித்த புத்தகம் தருவார்கள் என்று பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். தலைமை டாக்டரம்மா ஆளுக்கு ஒரு டின் சத்துப் பவுடர் தந்தார். "ஆறு வாரம் சாப்பாடு கிடையாது, இதை மட்டும் கரைச்சுக் குடின்னு குழந்தைங்ககிட்ட சொல்லப் போறீங்கல்ல? முதல்ல நீங்க ஒரு வாரம் குடிங்க."

உனக்கும் இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். நீ அதை வாஷ்பேசினில் ஊற்றுவதாக உன் அம்மா சொல்கிறாள். இது விசாரணை அல்ல, சும்மா கேட்கிறேன்.

மாமா

ஜூன் 11

அன்புள்ள மாமா,

அம்மா சொன்னது பொய். வாஷ்பேசினில் ஊற்றவில்லை. பால்கனிச் செடிக்கு ஊற்றுகிறேன். செடி நன்றாக வளர்கிறது. நான்தான் வளரவில்லை. எட்டாம் வகுப்பு வந்தும் என்னை "அரை டிக்கெட்" என்கிறார்கள்.

நீங்கள் ஒரு வாரம் ஒழுங்காகக் குடித்து முடியுங்கள். பிறகு நான் குடிக்கிறேன். சத்தியம்.

அரை டிக்கெட்

ஜூன் 19

அன்புள்ள மருமகளுக்கு,

தோற்றுவிட்டேன். மூன்றாம் நாள் எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் நின்று பிஸ்கட் தின்றேன். பசியால் அல்ல. கேன்டீனில் எல்லாரும் மென்றுகொண்டிருந்தார்கள். என்னை மட்டும் விட்டுவிட்டு உலகமே பந்தியில் உட்கார்ந்தது போலிருந்தது. மீசையில் ஒட்டிய தூள் காட்டிக்கொடுத்துவிட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. "ஏன் தின்னீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க. அதுதான் இன்னைக்குப் பாடம்" என்றார். எந்தப் பரீட்சையிலும் எனக்கு இவ்வளவு வியர்த்ததில்லை.

இங்கே "வயிறு எப்படி?" என்று கேட்டால் எல்லாக் குழந்தைகளும் "நல்லா இருக்கு" என்கிறார்கள். பரிசோதனை வேறு சொல்கிறது. எப்படிக் கேட்டால் நீ உண்மையைச் சொல்வாய்?

மாமா

ஜூன் 27

அன்புள்ள மாமா,

மீசைக் கதையைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா என்னவென்று கேட்டாள். சொல்லவில்லை.

முதலில் அம்மாவை வெளியே அனுப்புங்கள். கூட நிற்கும் டாக்டர் பட்டாளத்தையும். முகத்தைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக் கேளுங்கள். வயிற்றைப் பற்றியே கேட்க வேண்டாம். "கிளாஸ்ல எந்த பெஞ்ச்?" என்று கேளுங்கள்.

நான் கதவோரப் பெஞ்ச். கழிப்பறைக்கு ஓட அதுதான் வசதி. வேடிக்கை பார்க்கத்தான் அங்கே உட்காருகிறேன் என்று டீச்சர் நினைக்கிறார். ரத்தமும் போகிறது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பார்கள்.

பெஞ்ச் விஷயத்தை உங்கள் வகுப்பில் சொல்லலாம். ரத்தம் உங்களுக்கு மட்டும்.

அரை டிக்கெட்

ஜூலை 1

அன்புள்ள மருமகளுக்கு,

பெஞ்சை வகுப்பில் சொன்னேன், உன் பெயரைச் சொல்லாமல். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள், டாக்டரம்மா உட்பட.

மற்றதை என்னால் காப்பாற்ற முடியாது. கூரியரில் அனுப்புகிறேன், நாளை கிடைத்துவிடும். கிடைத்தவுடன் அம்மாவிடம் சொல்லிவிடு. சாயங்காலம் போன் செய்வேன். அதற்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். கோபம் வந்தால் இனி "ம்" கூடச் சொல்லாதே. தாங்கிக்கொள்கிறேன்.

தோற்றவன் உன்னைக் குடி என்று சொல்ல முடியாது. நான் இன்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லலாம்.

மாமா

ஆகஸ்ட் 25

மாமா,

"அன்புள்ள" போடவில்லை. கோபம் இன்னும் பாக்கி இருக்கிறது.

அம்மாவிடம் நானேதான் சொன்னேன். அழுதாள். பிறகு "எனக்கும் ஒரு டம்ளர் கலக்குடி" என்று உட்கார்ந்துவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் அவளுக்கும் அதுதான். என்னைவிட அதிகமாக முகம் சுளித்தாள். ஆஸ்பத்திரியில் சில நாள்தான் வைத்திருந்தார்கள். பயந்த அளவு இல்லை. ஆறு வாரமும் முடித்துவிட்டேன். ரத்தம் நின்றுவிட்டது. ஸ்கர்ட் கொக்கி மாட்ட மாட்டேன் என்கிறது.

நீங்கள் ஒரு வாரம் முடித்தீர்களா? மீசையை எடுத்துவிட்டதாக அம்மா சொன்னாள். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு புது டாக்டர். அம்மாவை டீ குடிக்க அனுப்பினார். பேப்பரைப் பார்த்தபடியே, "கிளாஸ்ல எந்த பெஞ்ச்மா?" என்றார். உங்கள் பதினொரு பேரில் ஒருவர்தானே? சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஜன்னலோரம்" என்றேன்.

செடிதான் வாடிவிட்டது.

அன்புடன்,
அரை டிக்கெட்