பிச்சம்மாளுக்கு இரண்டு அட்டை

அன்புள்ள அண்ணாச்சி,

நான் இப்போது மகனோடு இருக்கும் கோபர்கைரனேயில் மூன்று நாளாக மழை. இன்று காலை பால் பாக்கெட் வரவில்லை. மருமகள் அலமாரியிலிருந்து பால் மாவு டப்பாவை எடுத்து வெந்நீரில் கரைத்தாள். அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். அறுபதுகளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் சட்டைகளில் ஒட்டிக்கொண்டிருந்த வாசனை அது.

வரிசை போடாமல் எனக்கு எதுவும் எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே:

1. தாராவிக் கொட்டகையில் நாம் பால் கொடுத்தது.
2. நான் எழுதிய அட்டைகளும் அவற்றால் வந்த வினையும்.
3. பிச்சம்மாளைத் தேடிய ஞாயிறு.
4. அதற்குத் தண்டனையாக நீங்கள் என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டது.

மாட்டுங்காவில் ஆபீஸ் போகிறவர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த வேலை அது. தாராவியில் ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. குழந்தைகளுக்கு வாரம் ஒருநாள் பால், கொஞ்சம் தமிழ் எழுத்து, மாதம் ஒருமுறை ஒரு லேடி டாக்டர். நீங்கள் அங்கேயே ஒரு பட்டறையில் ஃபிட்டர். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஊரே அண்ணாச்சி என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். நீங்கள் அண்டாவில் பால் கலக்குவீர்கள். நான் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குழந்தைகளின் விவரங்களை எழுதுவேன். அந்த ஜனங்களின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். அட்டையைப் பார்த்தே கேள்வி கேட்பேன், அட்டையைப் பார்த்தே பதில் எழுதுவேன். மணியான கையெழுத்து என்று டாக்டரம்மா சொன்னது மட்டும் எனக்குப் பெருமை.

ஒருமுறை எல்லாக் குழந்தைகளுக்கும் கையில் ஊசி குத்தி, காச நோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஓர் ஐந்து வயதுப் பெண்ணுக்குக் கை தடித்திருந்தது. அட்டையில் 'பிச்சம்மாள், தகப்பன் பெயர் முத்தையா' என்று மட்டும் இருந்தது; விலாசம் நான் கேட்டிருக்கவில்லை. குழந்தையை உடனே எக்ஸ்ரேக்கு அழைத்துவர வேண்டும், ஒரு வருஷம் விடாமல் மருந்து கொடுக்க வேண்டும், தாமதித்தால் மூளைக்கும் ஏறலாம் என்று, எல்லோரும் போனபின் அட்டைகளைப் பார்த்து டாக்டரம்மா என்னிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிறு "பிச்சம்மாள்" என்று மூன்று முறை கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. 'வரவில்லை' என்று சிவப்பு மையில் குறித்துக்கொண்டேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம்தான் உங்களிடம் சொன்னேன். உங்கள் முகம் மாறிவிட்டது. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்து சந்தாகப் போனீர்கள்.

உங்கள் ஊர்க்காரர்களிடம் பிச்சம்மாளுக்கா பஞ்சம்? முதல் பிச்சம்மாளுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிச்சம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "எனக்கு ஊசி போட்டாலும் சரிதான், பால் உண்டுமாய்யா?" என்று கேட்டாள். நீங்கள் சிரிக்கவில்லை. முத்தையாக்களும் அதே போலத்தான். ஒருவர் மாற்றி ஒருவர் இன்னொரு முத்தையாவின் கோலியை, அந்த ஒற்றை அறை வீட்டைக் கைகாட்டினார்கள்.

கொட்டகைக்குத் திரும்பும்போது மற்றவர்கள் பால் ஊற்ற, வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். எதையோ யோசித்தீர்கள். பிறகு அந்தப் பெண்களைப் பார்த்து, "யாத்தா, மாமியா பேரு பிச்சம்மான்னு உள்ளவ யாரு? பேரச் சொல்லாண்டாம். கையை மட்டும் தூக்குங்க" என்றீர்கள்.

வரிசை கொஞ்சம் சிரித்தது. பால் வாங்கி முடித்து ஓரமாக நின்ற ஒரு பெண் தலையைக் குனிந்தபடி மெல்லக் கையைத் தூக்கினாள். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, மேலுதட்டில் வெள்ளை மீசையோடு ஒரு குழந்தை.

மாமியார் பெயரைக் குழந்தைக்கு வைத்திருந்தார்கள். மருமகள் அதைச் சொல்லக் கூடாது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. ஊசி போட்ட அன்று அப்பனுக்கு லீவு. அவன் அழைத்துவந்து முழுப் பெயரைச் சொன்னான். பாலுக்கு அம்மா வந்தபோது, "பேரென்ன சொல்லுங்கோ" என்று நான் கேட்க, அவள் தயங்கி, "பாப்பான்னு எழுதிக்கிடுங்க" என்றாள். எழுதினேன். ஒரு குழந்தைக்கு இரண்டு அட்டை. என் பக்கத்தில் நின்று மூன்று வாரம் பால் குடித்தவளைத்தான் வராதவள் என்று சிவப்பில் குறித்திருக்கிறேன்.

"பிச்சம்மான்னு கூப்பிடுறது காதுல விழலியா, தாயி?" என்று கேட்டீர்கள்.

"விழுந்துச்சு அண்ணாச்சி. எத்தனையோ பிச்சம்மா உண்டு, வேற ஆருக்கோன்னு இருந்துட்டேன்" என்றாள்.

அன்று மாலையே எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சில் இருந்தது, அதற்குமேல் போயிருக்கவில்லை. அதைக் கேட்டபின்தான் எனக்கு மூச்சு வந்தது. அப்போது நீங்கள் சொன்னீர்கள்: "சாமி, அடுத்த வாரத்துலேருந்து பேனாவ எங்கிட்டத் தந்திருங்க. நீங்க பால் ஊத்துங்க."

எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வேலையும் போயிற்று என்று வீட்டுக்கு நடந்தேன். ஊற்றிய முதல் நாள் கையெல்லாம் பால். குவளையை நீட்டும்போது முகத்தைப் பார்க்காமல் ஊற்ற முடியாது. பார்த்தால் பேசாமல் இருக்க முடியாது. வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்க ஆரம்பித்தேன். கருப்பட்டி, முட்டைக்கண்ணன், சீனி, பெரியகுட்டி. ரேஷன் கார்டில் இருந்த பெயர்கள் மறந்துவிட்டன. இவை மறக்கவில்லை.

பாப்பாவின் கன்னம் உப்பி, மருந்தும் முடிந்தபின் அவளை முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கப் போனோம். உங்களுக்கு அன்று ஷிஃப்ட். அப்பனுக்கும் அப்படியே. பெயர் என்ன என்று ஆசிரியர் கேட்டதும் அவள் அம்மா என் பக்கம் திரும்பி, "இவுக சொல்லுவாக" என்றாள். மேஜைக்கு முன்னால் பேசினாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் நான், "பிச்சம்மாள்" என்று அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். குழந்தை அண்ணாந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பெயர் தன்னுடையது என்று அவளுக்கு அன்றுதான் நிச்சயமாகியிருக்கும்.

நீங்கள் அட்டை எழுதியதையும் சொல்ல வேண்டும். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். "சம்மட்டி லேசு சாமி, இந்தப் பேனாதான் கனக்கு" என்பீர்கள். திங்கட்கிழமை மாலைகளில் பட்டறையிலிருந்து நேராகக் கிங்ஸ் சர்க்கிள் காபி ஹோட்டலுக்கு வந்து, காபி ஆறுவதுகூடத் தெரியாமல், எந்த 'ர', எந்த 'ற' என்று என்னிடம் கேட்டுத் திருத்திக்கொள்வீர்கள். ஐந்து வருஷம் அப்படி எழுதினீர்கள். ஒரு வாரம்கூடப் பேனாவைத் திருப்பித் தரவில்லை. தந்திருந்தால் நான் மறுபடி மூலைக்குப் போயிருப்பேன்.

உங்களைத் தகனம் செய்துவிட்டுத் திரும்பிய அன்றுகூட, கடைசிவரை என்னிடம் எழுத்து வேலையைத் தரவில்லையே என்று ஒரு சின்ன வருத்தம் எனக்கு இருந்தது. இப்போது மேலே எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நான்காவதாகப் போட்டது தப்பு, அண்ணாச்சி. அது தண்டனை இல்லை.